கிரண்காவ்: மும்பை ஆலை ஊரில் ஐந்து நாள் நடை

நாள் 1: பைகுல்லாவிலிருந்து லால்பாக் வரை

மராத்தியில் கிரணி என்றால் ஆலை, காவ் என்றால் ஊர். கிரண்காவ் என்ற பெயரில் ரயில் நிலையம் எதுவும் இல்லை. பைகுல்லா, சிஞ்ச்போக்லி, லால்பாக், பரேல், லோயர் பரேல், வர்லி, சிவ்ரி என்று பரந்து கிடக்கும் பஞ்சாலைப் பகுதி முழுவதையும் அங்கே வாழ்ந்தவர்கள் அப்படி அழைத்தார்கள்.

முதலில் ரயில் விஷயம். சிஞ்ச்போக்லி, கரி ரோடு, லோயர் பரேல் மூன்றிலும் ஸ்லோ வண்டிதான் நிற்கும். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸான சி.எஸ்.எம்.டி.யில் ஃபாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டால் பைகுல்லாவை அடுத்து தாதரில்தான் இறங்க முடியும். காலை 8 முதல் 11 வரை தாதரில் மாறி ஏறும் எண்ணமே வேண்டாம். பைகுல்லாவில் இறங்கி வடக்கே நடப்பதுதான் நல்லது. லால்பாக் வரை சுமார் 3 கிலோமீட்டர், வழியெல்லாம் பார்க்க வேண்டியவைதான்.

மும்பையின் முதல் நூற்பாலையைக் காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-ல் தார்தேவில் தொடங்கினார், 1856-ல் உற்பத்தி ஆரம்பமானது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பருத்தி நின்றது. பம்பாய்ப் பருத்தியின் விலை ஏறியது, அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஆலைகளாக நின்றது. துறைமுகம் பக்கம், தண்டவாளம் பக்கம், கடற்காற்றில் ஈரம். காற்று உலர்ந்தால் பருத்தி நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் அந்த ஈரம் ஆலைக்காரர்களுக்கு இலவச மூலப்பொருள்.

மதில் மட்டும் மிஞ்சியிருந்தாலும் பழைய ஆலையை அடையாளம் காணலாம். ரம்பப் பல் போன்ற கூரை ஒன்று. ஒவ்வொரு பல்லிலும் கண்ணாடி போட்ட செங்குத்துப் பக்கம் வடக்கு நோக்கியிருக்கும், நேர் வெயில் விழாமல் சீரான வெளிச்சம் தறிமேல் படுவதற்காக. இரண்டு பற்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்தான் இந்தக் கூரையின் பலவீனம். ஆலை மூடிய முதல் மழையிலேயே அதில் இலையும் மண்ணும் அடைத்து, நீர் தேங்கி, கூரை அங்கிருந்துதான் இறங்கத் தொடங்கும். அடுத்தது குளம். நீராவி இயந்திரத்தின் நீரைக் குளிர்விக்க ஆலைக்குள்ளேயே வெட்டியிருப்பார்கள். பிறகு செங்கல் புகைபோக்கி. 1915-ல் கோபோலியிலிருந்து டாடா நீர்மின்சாரம் வந்தபின் கொதிகலன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, புகைபோக்கிகள் சும்மா நின்றன. காலாசௌக்கியில் இந்தியா யுனைடெட் மில்லின் 2, 3 எண் ஆலை வளாகம் மாநகராட்சியின் ஜவுளி அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கப்பட்டது. கூரை, குளம், புகைபோக்கி மூன்றும் சேர்ந்திருக்கும் இடம் அது.

ஞாயிற்றுக்கிழமை நடப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். இங்கே வார விடுமுறை 1890-ல்தான் வந்தது, நாராயண் மேகாஜி லோகாண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பெற்றுத் தந்தது. 1928-ல் ஆறு மாத வேலைநிறுத்தம் ஆலைத் தொழிலாளர் சங்கமான கிரணி காம்கார் யூனியனை வளர்த்தது. 1946-ல் வந்த பம்பாய்த் தொழிலுறவுச் சட்டம் ஒரு தொழிலுக்கு ஓர் ஊரில் ஒரே அங்கீகரிக்கப்பட்ட சங்கம் என்று வைத்தது. ஆலைகளில் அந்த இடம் ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்துக்கு. தொழிலாளி வேறு சங்கத்தில் இருந்தாலும் பேச்சுவார்த்தை மேசையில் அவருக்கு நாற்காலி கிடையாது. 1981 தீபாவளி போனஸ் தகராறில் இந்தப் பூட்டுதான் வெடித்தது. தொழிலாளர்கள் வேறொரு தொழிற்சங்கத் தலைவரான டாக்டர் தத்தா சாமந்தைத் தேடிப் போனார்கள். 1982 ஜனவரி 18-ல் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி இன்றுவரை முடித்துவைக்கப்படவில்லை.

லால்பாக் வந்ததும் மசாலாச் சந்துக்குள் நுழைந்துவிடுங்கள். மிளகாய் இடிக்கும் வாசனை தானாக வழிகாட்டும். கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்கள் விநாயகர் சதுர்த்தியின் பத்து நாட்களைத் தவிர்க்க வேண்டும். லால்பாக் ராஜா என்ற விநாயகர் சிலையைக் காண நிற்கும் வரிசையில் ஒரு சந்துகூடக் கண்ணில் படாது.

நாள் 2: 160 சதுர அடி

இன்று சால்கள், ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்புகள். நீளமான கட்டடம், முன்னால் ஓடும் பொது நடை, நடையில் திறக்கும் கதவுகள், கோடியில் பொதுக் கழிப்பறை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் அறை, அதற்குப் பெயர் கோலி. எழுத்தில் படித்தால் இதன் அளவு மனதில் ஏறாது. தரையில் 10-க்கு 16 அடியாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அதுதான் 160 சதுர அடி, இந்த ஊரின் அடிப்படை அலகு. அதற்குள் சமையல் மேடை, பாத்திரம் கழுவவும் குளிக்கவும் மூலையில் ஒரு மோரி, தலைக்கு மேலே பரண், அதன் பெயர் போட்மாளா.

அந்த 160-க்குள் ஒரு குடும்பம் என்பதே பிற்கால வசதி. கொங்கணத்திலிருந்தும் மலைமேட்டுப் பகுதியிலிருந்தும் வந்த ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஒரே ஊர்க்காரர்களாக ஓர் அறையைப் பிடித்தார்கள். ஆலையில் மூன்று ஷிஃப்ட், அறையிலும் மூன்று ஷிஃப்ட். ஒருவர் படுக்கையை விட்டு எழுந்து போகும்போது இன்னொருவர் வேலை முடிந்து வந்து படுப்பார். சாப்பாடு கானாவள் என்ற வீட்டு மெஸ்ஸில், பெரும்பாலும் பெண்கள் நடத்தியவை. 1975-ல் பிரேமா புராவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் அந்தப் பெண்களைச் சேர்த்து வங்கிக் கடன் வாங்கித் தந்தது. தொழிலாளர் வரலாற்றை எழுதுகிறவர்கள் தறியிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்த அடுப்புகள் கடனுக்குச் சோறு போட்டிராவிட்டால் எந்த வேலைநிறுத்தமும் இரண்டாம் மாதத்தைத் தாண்டியிருக்காது.

1896-ல் பிளேக் வந்தது. நெரிசலும் காற்றோட்டமின்மையும்தான் காரணம் என்று 1898-ல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளையை (பி.ஐ.டி.) அமைத்தார்கள். அது இடித்த வீடுகளும் கட்டிய சால்களும் தனிக் கதை. பரேலில் உள்ள அந்த பி.ஐ.டி. சால் ஒன்றில்தான் டாக்டர் அம்பேத்கர், தாதரில் ராஜகிருகம் கட்டிக் குடிபோகும்வரை, இரண்டு அறைகளில் வாழ்ந்தார்.

தனியார் சால்கள் பெரும்பாலும் தேக்குத் தூண், தேக்கு உத்தரம், செங்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு. இவை ஏன் விழுகின்றன என்பதை நடையிலிருந்தே படிக்கலாம். மோரியின் கசிவு சுவருக்குள் இறங்கி, அங்கே புதைந்திருக்கும் உத்தரத்தின் முனையை உளுக்க வைக்கும். வெளியே தெரியும் பகுதி இரும்பு மாதிரி இருக்கும், முனை தூளாகியிருக்கும். குழாயில் குறிப்பிட்ட நேரமே தண்ணீர் என்பதால் வீட்டுக்கு ஒரு தொட்டி. மரத்தளத்தின் மேல் கல்லோ டைல்ஸோ ஒட்டியிருப்பார்கள். பரணிலும் சாமான். மூன்று தலைமுறைக்கு முன் போட்ட தளத்தின் மேல் நினைத்துப் பார்த்திராத பாரம். பழுது பார்க்கிறேன் என்று மரத்தை எடுத்துவிட்டு இரும்பு உத்தரம் வைத்த இடங்களில் கடற்காற்று மிச்ச வேலையைச் செய்கிறது. தளம் நடுவில் தொய்ந்திருந்தால், கதவு நிலை சாய்ந்து கதவு உராய்ந்தால், தூணுக்குப் பக்கத்தில் புதிதாக முட்டுக் கொடுத்திருந்தால், அந்தக் கட்டடத்தில் கூட்டமாக ஏறாதீர்கள்.

நடையில் நிற்பது ஒருவர் வீட்டுக் கூடத்தில் நிற்பதுதான். முதலில் பேசுங்கள், பிறகு கேளுங்கள், அதன் பிறகே கேமரா.

நாள் 3: லோயர் பரேல், ‘காலி’ என்ற சொல்

இன்றைய நடை மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் புரிந்துகொள்ள நாள் முழுவதும் வேண்டும். லோயர் பரேலில் இறங்கி சேனாபதி பாபட் சாலைக்குப் போனால் ஆலை மதில் இருந்த இடமெல்லாம் கண்ணாடிக் கோபுரங்கள். ஃபீனிக்ஸ் மில் வணிக வளாகத்தில் புகைபோக்கி நிற்கிறது, சுற்றிலும் துணிக்கடைகள். துணி நெய்த இடத்தில் துணி விற்கிறார்கள்.

மும்பையில் ஆலை நிலம் மொத்தம் சுமார் 600 ஏக்கர், 58 ஆலைகள். அவற்றில் 25 மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகத்திடம் வந்தவை. நகரின் நடுவில் இவ்வளவு நிலம் ஒரே நேரத்தில் விடுபடுவது ஓர் ஊருக்கு ஒருமுறைதான் நடக்கும். 1991-ன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 அதற்கு ஒரு பங்கீடு வைத்தது. 5 ஹெக்டேர் வரையுள்ள ஆலையென்றால் 33 சதவீதம் மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, 27 சதவீதம் வீட்டுவசதி ஆணையமான மாடாவுக்கு, 40 சதவீதம் உரிமையாளருக்கு. பெரிய ஆலைகளில் மாடாவின் பங்கு கூடும், உரிமையாளர் பங்கு குறையும். ஊர் வழக்கில் மூன்றில் ஒன்று சூத்திரம் என்பார்கள். பழைய கட்டடத்தை இடிக்காமல் உள்ளேயே மாற்றிக்கொண்டால் பங்கு தர வேண்டியதில்லை என்ற சந்து அதில் இருந்தது. பல உரிமையாளர்கள் அந்தச் சந்துக்குள் கொட்டகையை அப்படியே அலுவலகமாக்கினார்கள். 1996-ல் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொர்ரியா தலைமையில் குழு அமைந்தது, ஆலை நிலங்களை ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிடச் சொன்னது. அப்படி எதுவும் நடக்கவில்லை.

2001-ல் விதியைத் திருத்தினார்கள். பங்கீடு இனி முழு நிலத்துக்கு இல்லை, ஏற்கெனவே காலியாக இருந்த நிலத்துக்கு மட்டும். இதன் பொருள் தெரிய ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். 10 ஏக்கர், அதில் 8 ஏக்கரில் கொட்டகை, 2 ஏக்கர் காலி. கொட்டகையை முழுதாக இடித்தால் பழைய கணக்கில் பூங்காவுக்கு 3.3 ஏக்கர், வீடுகளுக்கு 2.7 ஏக்கர் வந்திருக்கும். புதிய கணக்கில் பூங்காவுக்கு 0.66, வீடுகளுக்கு 0.54. கொட்டகை இருந்த 8 ஏக்கர், இடித்த பிறகும், கணக்கில் காலி ஆகாது. பம்பாய் சுற்றுச்சூழல் செயல்பாட்டுக் குழு வழக்குப் போட்டு 2005 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தில் வென்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அரசின் திருத்தம் செல்லும் என்றது. எங்கள் பார்வையில் கிரண்காவை இடித்தது புல்டோசரைவிட ‘காலி’ என்ற அந்த ஒரு சொல்தான்.

விலையும் பார்த்துவிடலாம். 17 ஏக்கர் மும்பை டெக்ஸ்டைல் மில்லை ஜவுளிக் கழகம் 2005-ல் 702 கோடி ரூபாய்க்கு விற்றது. 2012-ல் அதே நிலம் 2,727 கோடிக்குக் கைமாறியது.

அடுத்து பிரபாதேவி ரயில் நிலையம். அன்று எல்பின்ஸ்டன் ரோடு என்று பெயர். 2017 செப்டம்பர் 29 காலை இங்கே நடைபாலப் படிக்கட்டில் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். ஆலைத் தொழிலாளி சங்கு ஊதியதும் சாலிலிருந்து நடந்தே வேலைக்குப் போனார், ரயில் பாலம் அவருக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அலுவலக ஊழியர் நகரின் எல்லா மூலையிலிருந்தும் ரயிலில் வருகிறார். ஆலைக் கொட்டகை பல மாடி அலுவலகமாக மாறியபோது நிலத்தின் பயன் மாறியது, படிக்கட்டின் அகலம் மட்டும் மாறவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடி உணவகத் தீயில் 14 பேர் இறந்தார்கள். ஆலைக்கென்று போட்ட உள்சாலைகளில் நடந்து பார்த்தால் தீயணைப்பு வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று தானே கண் அளக்கும்.

நாள் 4: வர்லி பி.டி.டி. சால்கள்

பம்பாய் வளர்ச்சித் துறையை (பி.டி.டி.) ஆளுநர் ஜார்ஜ் லாய்டின் அரசு 1920-ல் தொடங்கியது. ஊருக்குள் வரும் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் ஒரு ரூபாய் வரி போட்டுக் கட்டினார்கள். 50,000 அறைகள் என்பது திட்டம். எழுந்தவை 207 சால்கள்: வர்லியில் 121, நாய்காவில் 42, என்.எம். ஜோஷி மார்க்கில் 32, சிவ்ரியில் 12. எல்லாமே ஒரே வரைபடம். தரைத்தளமும் மூன்று மாடியும், நடுவில் நடை, இரு பக்கமும் பத்துப் பத்து அறைகள், மாடிக்கு 20, கட்டடத்துக்கு 80, அறை 160 சதுர அடி. கம்பி போட்ட கான்கிரீட்டில் இவ்வளவு பெரிய குடியிருப்பை அன்று இந்தியாவில் அதிகம் பார்த்திருக்க முடியாது. ஆரம்பத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் பல அறைகள் காலியாகவே கிடந்தன. 1930-களில் சட்டமறுப்பு இயக்கக் கைதிகளை வைக்க வர்லிச் சால்களையே சிறையாக்கினார்கள். நடுநடையில் நின்று பார்த்தால் அந்த மாற்றத்துக்கு எவ்வளவு குறைந்த வேலை தேவைப்பட்டிருக்கும் என்று புரியும். 1974-ல் தலித் பேந்தர்கள் என்ற இயக்கத்தாரைச் சுற்றி நடந்த வர்லிக் கலவரமும் இதே வளாகத்தில்தான்.

கான்கிரீட் சால், மரத்தால் கட்டிய சால் போல விழாது, உரியும். உப்புக் காற்று மேல்பூச்சுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து வெளியே தள்ளும், கூரையின் அடிப்பாகம் தட்டாகப் பெயர்ந்து விழும். சிமென்ட் பூசி மூடினால் உள்ளே துரு தொடரும், அடுத்த மழைக்கு இன்னும் பெரிய தட்டு. கம்பியைச் சுரண்டித் துரு நீக்கி, தேவைப்பட்ட இடத்தில் புதுக்கம்பி சேர்த்துத்தான் மூட வேண்டும். எண்பது அறையிலும் ஒரே நேரத்தில் அதைச் செய்ய ஆட்களை எங்கே மாற்றுவது என்பதில்தான் பழுதுபார்ப்பு எப்போதும் நின்றது.

நாய்காவ், ஜோஷி மார்க், வர்லி மூன்றிலும் மறுகட்டுமானத்தை மாடா நடத்துகிறது. 2017 ஏப்ரலில் பூமி பூஜை. வர்லியில் 2021 ஆகஸ்டில் வேலை தொடங்கி, 2025 ஆகஸ்டில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். 160-க்குப் பதில் 500 சதுர அடி, விலை இல்லாமல், 40 மாடிக் கட்டடத்தில். செலவு மிச்ச நிலத்தில் கட்டி விற்கும் கோபுரங்களிலிருந்து வர வேண்டும். காலி செய்தவர்களுக்கு மாத வாடகை 25,000 ரூபாய் அல்லது மாற்று வீடு. மும்பையின் மற்ற மறுகட்டுமானங்களோடு வைத்துப் பார்த்தால் இது நல்ல பேரம், மறுப்பதற்கில்லை. நிலம் அரசுடையது, நடுவில் வாங்கி விற்கும் உரிமையாளர் இல்லை. 500 வந்ததற்கு அதுதான் காரணம்.

கவலை வேறு இடத்தில். சாலில் பொதுச் செலவு என்பது கழிப்பறை, படிக்கட்டு விளக்கு, அவ்வளவுதான். 40 மாடியில் லிஃப்ட் பராமரிப்பு, மேலே நீர் ஏற்றும் பம்பு, தீயணைப்புப் பம்பு, ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று மாதாமாதம் ஓடும் கருவிகள். பராமரிப்புக் கட்டணத்தில் நாலில் ஒருவர் பிந்தினாலும் முதலில் வெட்டப்படுவது, கண்ணுக்குத் தெரியாத தீயணைப்புப் பம்பின் சோதனைதான். 24 மீட்டர் உயரத்திலும் அதன் பிறகு ஏழு மாடிக்கு ஒன்றாகவும் விட வேண்டிய, தீ நேரத்தில் ஒதுங்குவதற்கான அடைக்கலத் தளத்தைச் சாமான் அறையாக்காமல் வைத்திருப்பது குடியிருப்போர் சங்கத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும். நடையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த முதியவருக்கு 30-வது மாடியில் எது நடை என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதில் இல்லை. லிஃப்ட்டுக்கு முன்னாலுள்ள இடத்தை இரண்டு மீட்டர் அகலப்படுத்தியிருந்தால் பாதி பதில் கிடைத்திருக்கும்.

நாள் 5: தாள்கள், பிறகு சிவ்ரி

கட்டடம் பார்த்தாயிற்று. இன்று அதை மாற்றும் தாள்கள்.

தனியார் சால்களில் வாடகை 1940 செப்டம்பர் 1 நிலவரத்தில் உறைந்தது, 1947-ன் சட்டம் அதை உறுதிசெய்தது. உரிமையாளருக்குப் பழுது பார்க்கக் காசில்லை, மனமும் இல்லை. குடியிருப்பவர் பகடி என்ற பெயரில் உரிமையைக் கைமாற்றி, உரிமையாளருக்கு ஒரு பங்கு கொடுத்தார். பிறகு அரசு செஸ் வரி வாங்கிக்கொண்டு பழுது பார்க்கும் வாரியம் அமைத்தது. 1969 செப்டம்பர் 30-க்கு முன் கட்டியவை அதில் வரும். வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 33(7)-ன்கீழ் அவற்றை மறுகட்டலாம். வரிசை இது: வாரியம் சான்றளித்த குடியிருப்போர் பட்டியல், 51 சதவீத ஒப்புதல், வாரியத்தின் தடையில்லாச் சான்று, மாநகராட்சியின் அனுமதி, மாற்று வீடோ வாடகையோ, அப்புறம்தான் இடிப்பு, கடைசியில் குடியேற்றச் சான்று. வெற்றுத் தாளில் ஒப்புதல் கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம், ஒப்பந்தம் பதிவாகாமல் அறையைக் காலி செய்வது அதைவிடப் பெரிய தவறு. தொல்லை பெரும்பாலும் வாடகையில் ஆரம்பிக்கும்: முதல் வருடம் வரும், அடித்தளத்தோடு வேலை நின்றதும் நிற்கும். கோபுரம் எழுந்தாலும் குடியேற்றச் சான்று இல்லாவிட்டால் தண்ணீருக்குக் கூடுதல் கட்டணம், வீட்டுக் கடனில் சிக்கல். ஒப்பந்தத்தில் சதுர அடியை மட்டும் பார்க்காமல், குடியிருப்போர் கட்டடம் முதலில் எழுமா, விற்பனைக் கோபுரம் முதலில் எழுமா என்று எழுதியிருக்கிறதா பார்க்க வேண்டும்.

ஆலைத் தொழிலாளர் வீடுகள் தனி வரிசை. 1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ ஆலைப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். ஆலை அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, பணிச் சான்று, எது கிடைத்தாலும். பத்லிக்காரர்களிடம் பல நேரம் இவை எதுவும் முழுதாக இருக்காது, நம் ஆலைகளில் பதிலி என்பவர்கள் அவர்கள்தான். விண்ணப்பித்தவர்களும் வாரிசுகளும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 2012-ன் முதல் குலுக்கலில் வீடுகள் 6,925, ஒவ்வொன்றும் 225 சதுர அடி. மூன்றாம் நாள் கணக்கில் 2 ஏக்கரைப் பங்கிட்டதற்கும் 10 ஏக்கரைப் பங்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் குலுக்கல் பெட்டிக்குள் கிடக்கிறது. 2016-ல் ஒதுக்கிய வீடுகளில் ஒரு தொகுதி பன்வேல் பக்கம் கோனில், பரேலிலிருந்து பல பத்து கிலோமீட்டர் தள்ளி.

மதியத்துக்கு மேல் ஹார்பர் பாதையில் சிவ்ரி. இங்குள்ள 12 பி.டி.டி. சால்களின் நிலம் துறைமுகத்துக்குச் சொந்தம். அது மத்திய அரசின் கீழ் வருவதால் மாநில அரசின் திட்டம் இவற்றைத் தொட முடியாமல் நிற்கிறது. மற்ற மூன்று இடத்திலும் வேலை நகர, இங்கே குடியிருப்பவர்கள் அதே 160-ல் காத்திருக்கிறார்கள். வர்லியில் வரைபடத்திலிருந்து ஊகிக்க வேண்டியதை இங்கே சுவரில் பார்க்கலாம்: நடுநடை, எதிரெதிர்க் கதவுகள், கோடியில் கழிப்பறை வரிசை. மாலை ஐந்து மணிக்குப் போங்கள். தண்ணீர் வரும் வீடுகளில் குடம் நடைக்கு வந்திருக்கும், பிள்ளைகள் மாடிப்படியில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். உடைந்த மேல்பூச்சுக்குள் 1920-களின் கம்பி தெரியும் இடத்தில் கையை வைக்காமல் நடங்கள்.